கேட்வேல மாட்டின காசை எப்படி வாங்குறது: ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு சட்ட வழிகாட்டி

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கு, எங்க அக்காவோட சுங்குடி சேலை கடைக்கு (கடைன்னா ஒரு வெப்சைட்டு, ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், சின்னாளபட்டில வீட்டு முன்ரூம், அவ்ளோதான்) அதுவரைக்கும் பாக்காத அளவுக்கு ஆர்டர் வருது, நாலு நாள் ராத்திரி தூங்காம பார்சல் கட்டி அனுப்பினோம், அஞ்சாவது நாள் பேங்க் அக்கவுண்ட்டுக்கு வரவேண்டிய பணம் வரல. பேமெண்ட் கேட்வே (வெப்சைட்ல கஸ்டமர் கட்டற காசை வாங்கி நமக்கு அனுப்பற கம்பெனி) டேஷ்போர்டுல போய் பாத்தா "செட்டில்மெண்ட் ஆன் ஹோல்டு"ன்னு ஒரு வரி, அதாவது நமக்கு அனுப்பவேண்டிய காசை நிறுத்தி வச்சிருக்காங்க, 1,86,400 ரூபா உள்ள நிக்குது. சாயம் போடறவருக்கும் முடிச்சு போடற பொம்பளைங்களுக்கும் பண்டிகைக்கு முன்னாடி கூலி கொடுத்தாகணும். சப்போர்ட்டுக்கு மெயில் போட்டா "ரிஸ்க் டீம் பாத்துட்டு இருக்காங்க"ன்னு அதே ரெண்டு வரி திரும்பத் திரும்ப வருது.

அந்த மூணு மாசத்துல நான் படிச்சது, வக்கீல்கிட்ட கேட்டது, செஞ்சு பாத்தது எல்லாத்தையும் வரிசையா எழுதறேன். இது இந்தியாவுல இருந்து விக்கிறவங்களுக்கு. முதல்ல மனசுல பதிய வேண்டியது ஒண்ணுதான், அந்தக் காசு கேட்வே கம்பெனியோட காசு இல்ல. அவங்க உங்களுக்காக வாங்கி வச்சிருக்காங்க, அவ்ளோதான். இது புரியாமதான் நிறைய பேர் கெஞ்சி கெஞ்சி மெயில் எழுதிட்டு இருக்காங்க.

ஏன் அது அவங்க காசு இல்ல

நாம கேட்வேன்னு சொல்ற, ஆன்லைன்ல கஸ்டமர்கிட்ட காசு வாங்கி வியாபாரிக்கு அனுப்பற கம்பெனிக்கு ஆர்பிஐ வச்சிருக்க பேரு பேமெண்ட் அக்ரிகேட்டர். 2020 மார்ச் 17ல இவங்களுக்குன்னு கைட்லைன்ஸ் வந்துச்சு, அப்புறம் 2025 செப்டம்பர் 15ல அதுக்குப் பதிலா ஆன்லைன், கடை மெஷின், வெளிநாட்டுப் பேமெண்ட் எல்லாத்தையும் ஒண்ணா சேத்து மாஸ்டர் டைரக்ஷன் போட்டாங்க. ரெண்டுலயும் மாறாத விஷயம், தானே ஒரு பேங்கா இல்லாத அக்ரிகேட்டர் கஸ்டமர் காசை ஒரு ஷெட்யூல்டு கமர்ஷியல் பேங்க்ல எஸ்க்ரோ அக்கவுண்ட்ல (அடுத்தவங்க காசைப் பத்திரமா வைக்கற தனிக் கணக்கு) தனியா வைக்கணும், சொந்தத் தொழில் பணத்தோட கலக்கக்கூடாது. பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் ஆக்ட் 2007ல 23ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, அந்த அக்கவுண்ட்ல இருக்க பணத்துல அதை வாங்க உரிமை உள்ளவங்களுக்குத்தான் முதல் உரிமை, கம்பெனியே திவாலானாலும் லிக்விடேட்டர் (சொத்தை வித்துக் கடனை அடைக்கற அதிகாரி) அதுல கை வைக்க முடியாதுன்னு சொல்லுது.

அதனால ஹோல்டு ஆன அன்னைக்கே செய்யவேண்டிய வேலை, ஆர்பிஐ வெப்சைட்ல அங்கீகாரம் வாங்கின அக்ரிகேட்டர் லிஸ்ட் இருக்கும், அதுல உங்க கம்பெனியோட முழுப் பேரு இருக்கான்னு பாருங்க. பிராண்டு பேரு வேற, கம்பெனி பேரு வேறயா இருக்கும், அக்ரிமெண்ட்ல இருக்க பேரை வச்சுத் தேடுங்க. லிஸ்ட்ல இல்ல, அது பேங்கும் இல்லன்னா விஷயம் சீரியஸ், மெயில் போட்டுட்டு காத்திருக்காம நேரா வக்கீலைப் பாருங்க.

காரணத்தை எழுத்துல வாங்குங்க

"காசு நிறுத்திட்டாங்க"ன்னு ஒரே வார்த்தைல சொல்றோம், ஆனா அதுக்குள்ள நாலஞ்சு விதம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வழி வேற வேற. கேஒய்சி பேப்பர் ஏதோ சரியில்லாம நிறுத்தியிருக்கலாம், அது ரெண்டு நாள்ல முடியற வேலை. திடீர்னு ஆர்டர் கூடினதால ரிஸ்க் டீம் பயந்து நிறுத்தியிருக்கலாம், எங்களுக்கு நடந்தது இதுதான். கஸ்டமர் யாரோ அவங்க பேங்க்ல சார்ஜ்பேக் (கட்டின காசைத் திருப்பித் தரச் சொல்ற புகார்) போட்டிருக்கலாம். அக்கவுண்ட்டையே மூடிட்டு, பின்னாடி சார்ஜ்பேக் வந்தா என்ன பண்றதுன்னு 120 நாள், 180 நாள்னு ஒரு தொகையை ரிசர்வா பிடிச்சு வச்சிருக்கலாம். இல்ல ஏதோ ஒரு ஊர் சைபர் கிரைம் போலீஸ் நோட்டீஸ் கொடுத்திருக்கலாம்.

ஃபோன்ல கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுவாங்க, அதெல்லாம் கணக்குல வராது. மெயில்ல இந்த அஞ்சு கேள்வியக் கேளுங்க: எந்தத் தேதில இருந்து ஹோல்டு, மொத்தம் எவ்ளோ ரூபா, அக்ரிமெண்ட்ல எந்த க்ளாஸ்படி, எந்த டிரான்ஸாக்ஷன் மேல சந்தேகம், எந்தத் தேதில விடுவீங்க. மழுப்பலா பதில் வந்தாலும் பரவால்ல, பதிலே வரலன்னாலும் பரவால்ல, கேட்டீங்கங்கறதுக்கு ரெக்கார்டு இருக்கு, பின்னாடி ஒவ்வொரு இடத்துலயும் அதுதான் உதவும்.

இந்த நேரத்துல பண்ணக்கூடாத சில விஷயம்

கையில இருக்க ஆர்டரை நிறுத்தாதீங்க. காசு வரல, நான் ஏன் சேலை அனுப்பணும்னு தோணும், எனக்கும் தோணுச்சு, ஆனா பொருள் போகலன்னா கஸ்டமர் சார்ஜ்பேக் போடுவாங்க, கேட்வே எதுக்குப் பயந்தாங்களோ அதை நாமளே உண்மையாக்கிடுவோம். ரீஃபண்ட் கேக்கறவங்களுக்கு உங்க சொந்த ஜிபேல இருந்து அனுப்பாதீங்க, அந்த ஆர்டர்லயே கேட்வே வழியா திருப்பச் சொல்லுங்க, இல்லன்னா அதே ஆளு பேங்க்லயும் போய் கேட்டா ரெண்டு தடவை போகும். வேற ஒருத்தர் பேர்ல புது அக்கவுண்ட் ஆரம்பிக்காதீங்க, ரிஸ்க் டீம் கண்ணுக்கு அது ஏமாத்து வேலையாத்தான் தெரியும். அப்புறம் "நாங்க ஹோல்டு எடுத்து விடறோம், 5,000 ரூபா கட்டுங்க"ன்னு டெலிகிராம்லயும் வாட்ஸ்அப்லயும் ஆளுங்க வருவாங்க, ஒரு ரூபா கொடுக்காதீங்க, ஓடிபி சொல்லாதீங்க.

ஜிஎஸ்டி கட்டறவங்களுக்கு ஒண்ணு, காசு கைக்கு வரலங்கறதுக்காக அந்த மாசக் கணக்குல விற்பனையைக் காட்டாம விடாதீங்க. சரக்கு போயிடுச்சு, பில்லு போட்டாச்சுன்னா வரி வந்துரும். அதோட, நீங்க ஒழுங்கா காட்டின ரிட்டர்னே பின்னாடி உங்க பக்கம் சாட்சி சொல்லும்.

ஆதாரம் சேக்கறது

டேஷ்போர்டு இன்னைக்குத் திறக்குது, நாளைக்கு லாகின் கட் பண்ணிட்டா அதுல இருந்து ஒண்ணும் எடுக்க முடியாது. அதனால முதல் நாளே செட்டில்மெண்ட் ரிப்போர்ட், டிரான்ஸாக்ஷன் லிஸ்ட், ஹோல்டு மெசேஜ் எல்லாத்தையும் டவுன்லோடு பண்ணுங்க. நீங்க சேர்ந்தப்ப ஒத்துக்கிட்ட அக்ரிமெண்ட், இப்ப வெப்சைட்ல இருக்க டேர்ம்ஸ், ரெண்டையும் பிடிஎஃப்பா எடுத்து வைங்க, நடுவுல மாத்தியிருப்பாங்க. ஒவ்வொரு ஆர்டருக்கும் பில்லு, கூரியர் ரசீது, டெலிவரி ஆன ப்ரூஃப், கஸ்டமர் "சேலை வந்துச்சு, நல்லாருக்கு"ன்னு போட்ட மெசேஜ் கூட. நாங்க ஒரு எக்ஸெல்ல ஆர்டர் நம்பர், தொகை, கூரியர் நம்பர், டெலிவரி தேதின்னு 143 வரி போட்டோம், ஒரு ராத்திரி வேலை, ஆனா கடைசில பூட்டைத் திறந்தது அந்த ஷீட்டுதான்னு நான் உறுதியா நம்பறேன்.

கோர்ட்டுக்குப் போனா இந்த ஸ்க்ரீன்ஷாட்டு, பிரிண்ட்அவுட்டு எல்லாத்துக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம் (புது சாட்சியச் சட்டம்) 63(4)படி ஒரு சர்ட்டிஃபிகேட் வைக்கணும், பழைய 65பி சர்ட்டிஃபிகேட்னு சொன்னா வக்கீல் எல்லாருக்கும் தெரியும். அதனால டவுன்லோடு பண்ண ஒரிஜினல் ஃபைலை எடிட் பண்ணாம அப்படியே வைங்க, எந்த லேப்டாப்ல, எந்த தேதில எடுத்தீங்கன்னு குறிச்சுக்கோங்க.

நோடல் ஆஃபிசருக்கு ஒரு கடிதம்

சப்போர்ட் டிக்கெட்லயே மாசக்கணக்கா சுத்திட்டு இருக்காதீங்க. குறை தீர்க்க ஒரு ஆஃபிசரை (இவர்தான் நோடல் ஆஃபிசர்) போட்டு, அவர் விவரத்தை வெப்சைட்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி வைக்கணும்னு அக்ரிகேட்டருக்கு ஆர்பிஐ விதி இருக்கு. வெப்சைட்ல அடியில "க்ரீவன்ஸ்"னு சின்ன எழுத்துல இருக்கும். முதல் லெவல், ரெண்டாவது லெவல்னு போட்டிருந்தா அந்த வரிசைலயே போங்க, தாண்டிப் போனா அதையே சாக்கா சொல்லித் திருப்பி அனுப்புவாங்க.

கடிதத்துல கோவம் வேண்டாம், கதையும் வேண்டாம். ஒரே பக்கம். எவ்ளோ ரூபா, எந்த தேதில இருந்து, அக்ரிமெண்ட்ல செட்டில்மெண்ட் எத்தனை நாள்ல தரேன்னு சொன்னீங்க, இன்னைக்கு எத்தனை நாள் ஆச்சு, டெலிவரி ஆன ஆர்டர் லிஸ்ட் இணைச்சிருக்கேன். சந்தேகம் இருக்க டிரான்ஸாக்ஷனை மட்டும் நிறுத்திட்டு மீதியை விடுங்க, இந்த கடைசி வரிய மட்டும் மறக்காதீங்க. மொத்தத்தையும் விடுன்னு கேட்டா மாட்டேன்னு சொல்றது சுலபம், 143 ஆர்டர்ல ரெண்டு மேல மட்டும் சந்தேகம்னா மத்த 141ஐ ஏன் பிடிச்சு வச்சிருக்கீங்கன்னு கேட்டா அதுக்குப் பதில் எழுதறது கஷ்டம்.

ஆர்பிஐகிட்ட போறது

கம்பெனிக்கு எழுதி 30 நாள் ஆகியும் பதில் இல்ல, இல்ல பதில் சரியில்லன்னா ஆர்பிஐயோட சிஎம்எஸ்ங்கற புகார் போர்ட்டல்ல கம்ப்ளைண்ட் போடலாம், ஒரு பைசா செலவில்ல, 14448க்கு ஃபோன் பண்ணியும் விவரம் கேக்கலாம். 2021 நவம்பர் 12ல ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மேன் (புகாரை விசாரிக்க ஆர்பிஐ போட்ட அதிகாரி) ஸ்கீம் வந்ததுக்கப்புறம் எல்லாம் ஒரே இடம்தான். ஆம்புட்ஸ்மேன் வரம்புல வராத கம்பெனி மேல போட்ட புகாரை ஆர்பிஐயோட நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவு எடுத்துப் பாக்கும்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு. கம்பெனி எடுத்த வியாபார முடிவு பத்தின புகார்னா ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார். "என் அக்கவுண்ட்டை ஏன் மூடினாங்க"ன்னு எழுதினா அது வியாபார முடிவு, தள்ளிடுவாங்க. "எஸ்க்ரோல இருக்க என் பணத்தை அக்ரிமெண்ட்ல சொன்ன நாளுக்குள்ள தரல, காரணம் எழுத்துல கேட்டும் சொல்லல, க்ரீவன்ஸ் கடிதத்துக்குப் பதில் இல்ல"ன்னு எழுதினா அது சேவைக் குறைபாடு. ரெண்டும் ஒரே சம்பவம்தான், எழுதற விதம்தான் வேற. இன்னொண்ணு, இதே விஷயத்துக்குக் கோர்ட்ல கேஸ் நடந்துட்டு இருந்தா இந்த வழி மூடிடும், அதனால இதை முதல்ல முடிச்சுட்டு கோர்ட்டை யோசிங்க.

போலீஸ் நோட்டீஸ்னு சொன்னா

இது தனி ரோடு. ஒரு மோசடிக்காரன் யாரோ ஒருத்தர்கிட்ட திருடின பணத்துல உங்ககிட்ட சேலை வாங்கியிருப்பான், பணம் பறிகொடுத்தவர் சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு ஃபோன் பண்ணியிருப்பார், அந்தப் பணம் போன பாதையில உங்க அக்கவுண்ட்டும் ஒரு கண்ணி. நீங்க ஒரு தப்பும் பண்ணல, ஆனாலும் பிடிச்சு வச்சிருப்பாங்க. கேட்வேகிட்டயோ பேங்க்கிட்டயோ அந்தக் கம்ப்ளைண்ட்டோட அக்னாலெட்ஜ்மெண்ட் நம்பர், எந்த ஸ்டேட், எந்த ஸ்டேஷன், எவ்ளோ தொகை மேல புகார், இதை வாங்குங்க. அந்த விசாரணை அதிகாரிக்கு பில்லு, கூரியர் ப்ரூஃபோட மெயில் போட்டு, புகார்ல இருக்க தொகையை மட்டும் நிறுத்திட்டு மீதியை விடச் சொல்லிக் கேளுங்க.

போலீஸ் இப்படி நிறுத்தறது பெரும்பாலும் பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 106ல, பழைய சிஆர்பிசி 102. நிறுத்தினா மாஜிஸ்ட்ரேட்டுக்கு உடனே ரிப்போர்ட் பண்ணனும்னு அதுலயே இருக்கு, நிறைய இடத்துல பண்றதில்ல, அதைக் கேளுங்க. போலீஸ் விடலன்னா அந்த ஸ்டேஷனுக்கான மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல பிரிவு 503ல மனு போட்டு பணத்தை விடச் சொல்லிக் கேக்கலாம். வேற மாநிலமா இருந்தா அங்க ஒரு வக்கீல் வேணும், அலைச்சல்தான், ஆனா இந்த மாதிரி ஹோல்டுல கேட்வேயோட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, அவங்களால விட முடியாது.

லீகல் நோட்டீஸ்

வக்கீல் நோட்டீஸ்ல மூணு விஷயம் கட்டாயம் இருக்கணும்: தொகை, எத்தனை நாள்ல தரணும் (15 நாள் கொடுங்க), அதுக்கப்புறம் எத்தனை பர்சன்ட் வட்டி கேப்பீங்க. வட்டியை நிறைய பேர் விட்டுடறாங்க. இன்ட்ரஸ்ட் ஆக்ட் 1978படி, வட்டி கேப்பேன்னு எழுத்துல நோட்டீஸ் கொடுத்திருந்தா அந்தத் தேதில இருந்து வட்டி போட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. கம்பெனியோட ரெஜிஸ்டர்ட் ஆஃபீஸ் அட்ரஸுக்கு ஸ்பீட் போஸ்ட்ல, நோடல் ஆஃபிசருக்கு மெயில்ல, ரெண்டு வழியிலயும் அனுப்புங்க.

"இத்தனை நாளுக்குள்ள ஆட்சேபம் சொல்லலன்னா உங்க உரிமை போச்சு"ன்னு அக்ரிமெண்ட்ல இருந்தா பயப்படாதீங்க, உரிமையை நாள் கணக்குல அழிக்கற க்ளாஸ் காண்ட்ராக்ட் ஆக்ட் பிரிவு 28படி செல்லாது. ரூல் மீறினதால மொத்த பேலன்ஸும் எங்களுக்கேன்னு சொன்னா பிரிவு 74 இருக்கு, நியாயமான நஷ்டத்துக்கு மேல எடுக்க முடியாது. பணம் கேட்டு கேஸ் போட பொதுவா 3 வருஷம் டைம்.

அக்ரிமெண்ட்ல ஆர்பிட்ரேஷன் இருந்தா

ஆர்பிட்ரேஷன்னா கோர்ட்டுக்கு வெளிய ஒரு நடுவரை (ஆர்பிட்ரேட்டர்) வச்சுத் தீர்த்துக்கறது. அந்த க்ளாஸ் பெரும்பாலும் இருக்கும், இடம் பெங்களூருன்னோ மும்பைன்னோ போட்டிருக்கும். நீங்க நேரா சிவில் கோர்ட் போனா ஆர்பிட்ரேஷன் ஆக்ட் 1996 பிரிவு 8ஐக் காட்டி அங்க போகச் சொல்லுவாங்க. ஆர்பிட்ரேஷன் ஆரம்பிக்க பிரிவு 21ல ஒரு நோட்டீஸ். "ஆர்பிட்ரேட்டரை நாங்களே போடுவோம்"னு கம்பெனி எழுதி வச்சிருந்தா அதை ஒத்துக்க வேண்டியதில்ல, 2019 பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் தீர்ப்புல இருந்து சுப்ரீம் கோர்ட் இதுல தெளிவா இருக்கு, ஒரு பக்கம் மட்டும் தனியா ஆளைப் போட முடியாது. ஒத்து வரலன்னா பிரிவு 11ல ஹைகோர்ட் போடும். அந்தப் பணத்தை வேற எங்கயும் நகர்த்தாம பாதுகாக்கணும்னா பிரிவு 9ல கோர்ட்ல இடைக்கால உத்தரவு கேக்கலாம், கிடைச்சா 90 நாளுக்குள்ள ஆர்பிட்ரேஷன் ஆரம்பிச்சுடணும். ரெண்டு லட்சத்துக்கு இந்த ரோடு கட்டுப்படி ஆகாது, பத்து இருபது லட்சம்னா யோசிக்கலாம்.

நுகர்வோர் கமிஷன்: சின்ன வியாபாரிக்கு நல்ல கதவு

வியாபாரி எப்படி கன்ஸ்யூமர் ஆவான்னு எல்லாரும் கேப்பாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பிரிவு 2(7) விளக்கத்தைப் படிங்க, சுயதொழில்ல தன் பிழைப்புக்காக மட்டும் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தினா அது வணிக நோக்கம் ஆகாது; அதுல பொருள்னுதான் இருக்கு, சேவைக்கும் இதே பொருந்தும்னு வாதாட வேண்டியிருக்கும். வீட்ல இருந்து சேலை விக்கிற எங்க அக்கா, ஊறுகாய் போட்டு விக்கிறவங்க, தனியா ஃப்ரீலான்ஸ் பண்றவங்க இதுக்குள்ள வர வாய்ப்பு இருக்கு. பத்து பேரு வேலை செய்யற பிரைவேட் லிமிடெட்னா கஷ்டம். "இதுதான் என் ஒரே வருமானம், நானே நடத்தறேன்"னு மனுவிலயே எழுதணும், சும்மா விட்டா முதல் நாளே தள்ளுபடி கேப்பாங்க.

இதுல நல்லது என்னன்னா நீங்க குடியிருக்க ஊர்லயே போடலாம், திண்டுக்கல்ல இருக்கவங்க பெங்களூரு போக வேண்டாம். ஆர்பிட்ரேஷன் க்ளாஸ் இருந்தாலும் இந்தக் கதவு மூடாதுன்னு எமார் எம்ஜிஎஃப் வழக்குல 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. சேவைக்காக நீங்க கொடுத்த கட்டணத்தை வச்சுத்தான் எந்த கமிஷன்னு முடிவாகும், அது 5 லட்சத்துக்குள்ள இருந்தா ஃபீஸே கிடையாது. இ-ஜாக்ருதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம், 2 வருஷத்துக்குள்ள. அதுக்கு முன்னாடி 1915 ஹெல்ப்லைன்ல ஒரு புகார் போட்டுப் பாருங்க, சில கம்பெனி அதுலயே இறங்கி வரும்.

வக்கீல் ஃபீஸ் யோசிக்கறவங்களுக்கு, பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச சட்ட உதவி உரிமை இருக்கு. மாவட்ட கோர்ட் வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆஃபீஸ் இருக்கும், 15100க்கும் கூப்பிடலாம். வீட்ல இருந்து விக்கிற எத்தனையோ பொம்பளைங்களுக்கு இது தெரியவே இல்ல, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

சிவில் கோர்ட்

ஆர்பிட்ரேஷன் க்ளாஸ் இல்லாதவங்களுக்கு இது. 3 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா கமர்ஷியல் கோர்ட், அவசர உத்தரவு கேக்கலன்னா அதுக்கு முன்னாடி மீடியேஷன் கட்டாயம் (பிரிவு 12ஏ), சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியா நடக்கும். எழுத்து ஒப்பந்தமும் தொகையும் தெளிவா இருக்கறதால சிபிசி (சிவில் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 37ல சம்மரி சூட் போடலாமான்னு வக்கீலைக் கேளுங்க, எதிர்த்தரப்பு வாதாடவே கோர்ட்ல அனுமதி வாங்கணும், அதனால வேகமா நகரும்.

மார்க்கெட்பிளேஸ், பேபால்

மார்க்கெட்பிளேஸ்ல (அமேசான், ஃப்ளிப்கார்ட் மாதிரி) விக்கிறவங்க வருமான வரி போர்ட்டல்ல உங்க பேர்ல பிடிச்ச வரியைக் காட்டற அறிக்கையை (ஃபார்ம் 26ஏஎஸ்னு சொல்லுவாங்க) எடுத்துப் பாருங்க. அவங்க டிடிஎஸ் (உங்களுக்குத் தர்றதுல முன்கூட்டியே பிடிக்கற வரி) பிடிச்சு காட்டியிருந்தா, உங்க விற்பனை நடந்துச்சுன்னு அவங்களே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்த மாதிரி, இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. எம்எஸ்எம்இ (சிறு, குறு தொழில்) சட்டத்துல 45 நாளுக்குள்ள காசு தரணும், இல்லன்னா ஆர்பிஐ பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டின்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது உங்ககிட்ட பொருள் வாங்கினவங்களுக்கு எதிரா. கேட்வே உங்க பொருளை வாங்கல, அதனால அங்க ஓடாது. ப்ளாட்ஃபார்மே உங்ககிட்ட மொத்தமா வாங்கி விக்குதுன்னா, நீங்க உத்யம்ல (சிறுதொழில் பதிவு) பதிஞ்ச உற்பத்தியாளர்னா, அந்தச் சட்டப்படி புகார் போடலாம்.

பேபால் 2021 ஏப்ரல் 1ல இருந்து இந்தியாவுக்குள்ள பேமெண்ட்டை நிறுத்திடுச்சு, வெளிநாட்டு கஸ்டமருக்கு மட்டும்தான். அக்கவுண்ட் லிமிட் ஆனா 180 நாள் வரைக்கும் வச்சிருக்கலாம்னு அவங்க அக்ரிமெண்ட்லயே இருக்கு, அதனால லிமிட் ஆன தேதியைக் குறிச்சு வச்சு 181வது நாள் எடுக்கப் பாருங்க, அதுவரைக்கும் கேக்கற பேப்பரைக் கொடுத்துட்டே இருங்க.

எங்க விஷயத்துல நோடல் ஆஃபிசர் கடிதம் போன 11வது நாள் 1,61,000 ரூபா விட்டாங்க, பண்டிகை முடிஞ்சிருச்சு, கூலி வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்திருந்தோம். மீதி 25,400க்கு ரிசர்வ்னு சொல்லி ஒரு மெயில் வந்துச்சு, அதுல "இதுக்கு மேல எந்தக் கோரிக்கையும் இல்ல"ன்னு ஒத்துக்கிட்டா சீக்கிரம் விடறோம்னு இருந்துச்சு. அக்கா ஓகே போடப் போனா, நான் தடுத்தேன். வந்த தொகையை மொத்தக் கணக்குல ஒரு பகுதியா மட்டும் ஏத்துக்கறோம், மீதிக்கான உரிமையை விடலன்னு பதில் எழுதினோம். உங்களுக்கும் இப்படி ஒண்ணு வந்தா, முழுப் பணமும் பேங்க் ஸ்டேட்மெண்ட்ல ஏறினதைப் பாக்கற வரைக்கும் எதுலயும் கையெழுத்து போடாதீங்க.